இடது கால் படம்

கத்தி டாக்டர் காலை ஒன்பது மணிக்கே கேமராம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டார். அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர் அவர். கையிலும் கத்தி, வாயிலும் கத்தி என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த பெயர். அன்றைக்கு என்னவோ குரலைத் தணித்துப் பேசினார்.

"பத்தரைக்கு உங்க அண்ணனைக் கீழ அனுப்பறேம்மா. இடது காலைப் பாதத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் படம் எடுத்துக் குடுங்க. கணுக்கால்கிட்ட வெட்டினாப் போதுமா, இல்ல முழங்காலுக்குக் கீழ வரைக்கும் போகணுமான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ரத்தம் எதுவரைக்கும் ஒழுங்கா வருதுன்னு உங்க கேமராதான் சொல்லணும்."

"சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அண்ணன் காலுக்காகப் பயந்தது பாதி. மீதிப் பாதியை ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கேமராம்மா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். தரைத்தளத்துக்கும் கீழே, பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் அவளுடைய அறை. ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, கதவின் உட்பக்கம் எல்லாம் கறுப்புச் சாயம். முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் தயங்குவார்கள். வாசலில் 'நிறமாலைப் படப்பிடிப்பு ஆராய்ச்சி' என்று பலகை தொங்கும். அதைப் படித்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டுத் தருவீர்களா என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தக் கேமரா கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஜாதி இல்லை. இரும்புத் தாங்கியில் திருகி வைத்த ஒரு கனமான டப்பா. நம் கண் மூன்றே நிறத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறது. இது ஒரே பாதத்தை முப்பது நிறத்தில், ஒவ்வொன்றாகப் பிரித்து, முப்பது படம் எடுக்கும். அதில் பத்து நிறம் சிவப்புக்கும் அப்பால், மனிதக் கண்ணுக்கு எட்டாதவை. ஆக்சிஜன் உள்ள ரத்தம் வெளிச்சத்தை ஒரு விதமாக விழுங்கும், இல்லாத ரத்தம் வேறு விதமாக விழுங்கும். கம்ப்யூட்டர் முப்பதையும் கூட்டிக் கழித்து ஒரு படம் வரைந்து கொடுக்கும். ரத்தம் நன்றாக ஓடும் இடம் சிவப்பு, பட்டினி கிடக்கும் இடம் நீலம். புண் வருவதற்குப் பல மாதம் முன்பே நீலம் தெரிந்துவிடும் என்பதுதான் அந்த ஆராய்ச்சி நிரூபிக்கப் பார்த்தது. நாலு வருஷமாக அதே வேலை.

நிரூபிக்க வேண்டுமென்றால் சர்க்கரை நோயாளிகள் அறுபது பேர் வேண்டும், ஒரு நோயும் இல்லாதவர்கள் நாற்பது பேர் வேண்டும். நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் பஞ்சமா? ஆரோக்கியமான ஆள்தான் அகப்படமாட்டான். காவலாளி, சமையல்காரர், நர்ஸ், நர்ஸின் மைத்துனர் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் பிடித்து முப்பத்தொன்பது பேரைத் தேற்றியாகிவிட்டது. நாற்பதாவதாக வர வேண்டியவர் கடைசி நாளில் கையை விரித்தார். மறுநாள் காலை அறிக்கை போயாக வேண்டும். அவள் அண்ணனுக்குப் போன் பண்ணினாள். இது ஏழு மாதத்துக்கு முந்திய கதை.

அண்ணன் லாரி டிரைவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவின் அதட்டலுக்கே அசையாத அவளுக்கு, அண்ணன் முகம் கொஞ்சம் சுண்டினால் சாப்பாடு இறங்காது. அவரும் அப்படித்தான். தங்கச்சி கூப்பிட்டாள் என்றதும் சரக்கை ஏற்றிய லாரியோடு வந்து நின்றுவிட்டார்.

"சீக்கிரம் முடி பாப்பா. நிறுத்தக் கூடாத இடத்துல வண்டியை நிறுத்திட்டு வந்திருக்கேன். போலீஸ்காரன் வந்தா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

"சுகர் இருக்கா அண்ணா? படிவத்துல கேக்கறாங்க."

"டீயில ரெண்டு ஸ்பூன்."

அவள் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அண்ணனுக்கு என்ன, குதிரை மாதிரி இருக்கிறார் என்பதுதான் அவளுடைய வைத்திய ஞானம்.

விளக்கைப் போட்டால் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். சூடேறி நிலைப்படும் வரை அதன் வெளிச்சம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். 'இருபது நிமிடத்துக்கு முன் யாரும் படம் எடுக்கக் கூடாது' என்று அவளே தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அன்றைக்கு எட்டு நிமிஷம்தான் விட்டாள். வெள்ளைத் தகடு ஒன்றை வைத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டினாள். மூடியைப் போட்டு, இதுதான் இருட்டு என்று காட்டினாள். பிறகு வலது பாதம், அடுத்து இடது பாதம். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போனார்.

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. வலது பாதம் முழுக்கச் சிவப்பு. இடது பாதமும் சிவப்புதான், ஆனால் சுண்டுவிரலுக்குக் கீழே, வெளி ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீலம்.

சே, விளக்கு என்று நினைத்துக்கொண்டாள். எட்டு நிமிஷத்தில் எடுத்தால் இப்படித்தான் வரும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்ப எடுக்கலாமென்றால் அண்ணன் ஊரைத் தாண்டியிருப்பார், வர மூன்று நாள் ஆகும். மேலே தலைமை டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அவள் வலது பாதத்தின் படத்தை எடுத்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலமாகத் திருப்பினாள். ஒரே ஒரு பொத்தான்தான். திருப்பியதை இடது பாதம் என்று பெயர் போட்டு அறிக்கையில் சேர்த்தாள்.

வேலை தெரிந்தவர்கள் செய்யும் தப்பே தனி ரகம். தெரியாதவனாக இருந்தால் அந்தப் படத்தைத் திருப்பத் தெரியாமலே தப்பித்திருப்பான். யாரோ ஒருவர் காலாக இருந்தால் அவள் இதைச் செய்திருக்கவும் மாட்டாள். நம் அண்ணன் கால்தானே, நமக்குத் தெரியாதா என்கிற உரிமை அவளை அப்படிச் செய்ய வைத்தது.

அவளோடு வேலை பார்த்தவர் ஒருவர்தான், படங்களை வைத்துப் புள்ளிவிவரம் போடுகிறவர். எல்லோரும் அவரைக் கணக்கு என்றே கூப்பிட்டார்கள். மறுநாள் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாப்பதாவது ஆளுக்கு ரெண்டு காலும் என்ன பொருத்தம் பாருங்க. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்ல. இப்படி ஒரு ஜோடி நான் பாத்ததே இல்ல."

"எங்க அண்ணனாச்சே" என்றாள் அவள். கணக்கு சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அறிக்கை போயிற்று, பாராட்டு வந்தது. அதோடு விஷயம் போயிருக்கும். அண்ணன்தான் விடவில்லை. என் காலை எடுத்தியே, ஒரு காப்பி குடு என்று நச்சரித்தார். ஆராய்ச்சிப் படத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. அண்ணனுக்கு எந்த விதி? இரண்டு சிவப்புப் பாதமும் ஜோடியாகத் தெரிகிற அறிக்கைப் படத்தை அவர் போனுக்கு அனுப்பி வைத்தாள். அனுப்பிய பிறகுதான் எதை அனுப்பினோம் என்று உறைத்தது. ஒரு படம்தானே என்று சும்மா இருந்துவிட்டாள்.

அண்ணன் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. சரக்கு ஏற்றும் இடம், பெட்ரோல் பங்க், லாரி ஷெட், எங்கே போனாலும் போனை நீட்டினார். "முப்பது கலர்ல எடுத்தது. நம்ம ரத்த ஓட்டத்தைப் பாத்தியா? வயசு அம்பத்தி மூணு." கேட்பவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

மூன்றாவது மாதம் லாரியின் கிளட்ச் ரொம்ப லேசாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் காட்டினார். கழற்றிப் பார்த்துவிட்டு, கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு, ஒரு குறையும் இல்லை என்றான் அவன். அண்ணன் வேறு மெக்கானிக்கைத் தேடிப் போனார். பெடலை மிதிப்பது காலுக்குத் தெரியவில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அண்ணிக்குத் தோன்றியது. "கால் மரத்துப்போகுதுன்னு அப்பப்ப சொல்றாரு. டாக்டர்கிட்ட போகலாம்னா போனை எடுத்துப் படத்தைக் காட்டறாரு. என் தங்கச்சி பாக்காததை எந்த டாக்டர் பாத்துடுவான்னு கேக்கறாரு. நீ ஒரு வார்த்தை சொல்லேன், நீ சொன்னா கேப்பாரு" என்று அவளுக்குப் போன் பண்ணினாள்.

கேட்டதும் அந்தக் கட்டைவிரல் அளவு நீலம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அன்றே அண்ணனைக் கூப்பிட்டாள். "ஒரு தடவை வந்துட்டுப் போயேன், மறுபடி எடுத்துப் பாக்கலாம்" என்றாள். "எதுக்கு? அதான் சூப்பரா இருக்குன்னு அனுப்பினியே" என்றார் அவர். ஏன் வர வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். விளக்கு செய்த தப்பாகத்தான் இருக்கும் என்று பிறகு ஒரு வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன மாதம் ஒருநாள் முழுவதும் ஷூவுக்குள் ஒரு திருகாணியோடு அண்ணன் வண்டி ஓட்டியிருக்கிறார். சாயங்காலம் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் முழுக்க ரத்தம். வலியே இல்லை. அண்ணிதான் கத்தினாள். புண் ஆறவில்லை, பழுத்தது, பிறகு கறுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் பார்த்தபோது சர்க்கரை எக்கச்சக்கம். வருஷக்கணக்காக இருந்திருக்க வேண்டும் என்றார்கள்.

பத்தரை மணிக்குச் சக்கர நாற்காலியில் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தார் வார்டு ஊழியர். கூடவே அண்ணி. நோயாளியைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்பதால் அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கேமராம்மா அண்ணனை உள்ளே தள்ளி வந்து, இடது காலைக் கறுப்புத் துணி விரித்த மேடையில் தூக்கி வைத்தாள். புண்ணுக்குப் போட்ட கட்டை மெல்லப் பிரித்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே ஆரம்பித்துப் பாதிப் பாதம் கரியாகியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

"இருபது நிமிஷம் ஆகும் அண்ணா. விளக்கு சூடேறணும்."

"ஆகட்டும். இன்னிக்கு எந்தப் போலீஸ்காரன் வரப்போறான்?" அண்ணன் கொஞ்சம் இளைத்திருந்தார், குறும்பு மட்டும் அப்படியே இருந்தது. "மேல உன் கத்தி டாக்டர் என்னென்னமோ சொல்றாரு. நான் சொல்லிட்டேன், என் தங்கச்சி படம் எடுத்துப் பாத்துச் சொல்லட்டும், அவ எங்க சொல்றாளோ அங்க வெட்டிக்குங்கன்னு."

அவள் வெள்ளைத் தகட்டை எடுத்துத் துணியால் துடைத்தாள். சுத்தமாக இருந்ததை மறுபடி துடைத்தாள்.

"ஆமா, அன்னிக்கு இவ்வளவு நேரம் ஆகலையே?" என்றார் அண்ணன். "வந்தேன், காலை நீட்டினேன், போயிட்டேன். புது விளக்கா இது?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம், புது விளக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பார். அவர் அவளை எதற்கும் சந்தேகப்பட்டதே கிடையாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அதே விளக்குதான். அன்னிக்கு நான் காத்திருக்கல" என்றாள்.

தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. எட்டு நிமிஷத்தைச் சொன்னாள். நீலத்தைச் சொன்னாள். வலது காலைத் திருப்பி இடது கால் என்று போட்டதைச் சொன்னாள். அண்ணன், லாரி எங்கே பழுதாயிற்று என்று கேட்டுக்கொள்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நீலம் எங்க இருந்துச்சு?"

அவள் விரலை நீட்டி, தொடாமல் காட்டினாள்.

"எவ்ளோ பெருசு?"

"கட்டைவிரல் அளவு."

"விளக்கு சூடாகாததால வந்ததுன்னு நினைச்சே."

"அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா..." அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். "விளக்கு பண்ற தப்பா இருந்தா படம் பூரா மங்கி இருக்கணும் அண்ணா. ஒரு இடத்துல மட்டும் வராது. அது எனக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கறேன்."

அண்ணன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே டாக்டர்கிட்ட போயிருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாமா?"

"சொல்ல முடியாது அண்ணா. ஒருவேளை..."

"பாப்பா."

"காப்பாத்தியிருக்கலாம்" என்றாள்.

"உங்க அண்ணி உனக்குப் போன் பண்ணினாளே. நீகூட வரச் சொன்ன. அப்பவும் சொல்லலையே?"

அவளிடம் இருந்த ஒரே பதில், பயந்தேன் என்பது. அதைச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் கையை நீட்டிச் சமாதானப்படுத்துவார் என்று ஒரு கணம் எதிர்பார்த்ததை நினைத்து உடனே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் கை நாற்காலியின் பிடியிலேயே இருந்தது. திட்டவும் இல்லை. திட்டுவார் என்றுதான் ஏழு மாதம் பயந்தாள், இப்போது திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஒவ்வொருத்தன்கிட்டயும் காட்டினேன்" என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. "மெக்கானிக்கிட்டகூட காட்டினேன்."

மேஜை மேலிருந்த கடிகாரம் மணியடித்தது. இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைத் தகட்டைக் கேமராவுக்குக் கீழே கொண்டுபோனாள்.

"வேணாம்" என்றார் அண்ணன்.

"என்ன அண்ணா?"

"நீ எடுக்க வேணாம். கூட வேலை செய்றவர் ஒருத்தர் இருக்காரே, அவருக்கு எடுக்கத் தெரியும்ல? அவரைக் கூப்பிடு."

"நான் ஒழுங்கா எடுப்பேன் அண்ணா. சத்தியமா. அவரைவிட எனக்குத்தான்..."

"எடுப்ப. எனக்குத் தெரியாதா?" குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "படத்தைப் பாத்துட்டு இங்க வெட்டணும்னு சொல்லுவாங்க. நான் சரின்னு கையெழுத்துப் போடணும். நீ எடுத்த படம்னா போட வராது பாப்பா."

அவள் தகட்டை மேஜை மேல் வைத்தாள். போய்க் கணக்கைக் கூப்பிட்டாள். சிவந்த கண்ணைப் பார்த்து அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். "நாப்பதாவது ஆளோட இடது கால் படம் பொய் சார். நான் போட்டது. அறிக்கையைத் திருப்பி வாங்கணும், நானே தலைமை டாக்டர்கிட்ட சொல்லிடறேன். இப்ப எங்க அண்ணனை நீங்க எடுங்க" என்றாள். கணக்கு அவளையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தகட்டைக் கையில் எடுத்தார். அண்ணன் அவரைப் பார்த்து, "காலை இன்னும் கொஞ்சம் உள்ள வைக்கவா சார்?" என்று கேட்டார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சில் அண்ணி மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட? எடுத்தாச்சா?"

"கணக்கு சார் எடுக்கறாரு."

"ஏன், நீ எடுக்கலையா? நீ எடுக்கறேன்னு தெரிஞ்சப்புறம்தானே அவரு நேத்து ஒரு வாய் சாப்பிட்டாரு." அண்ணி நகர்ந்து இடம் விட்டாள். "நிக்கறியே, உக்காரு."

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, உள்ளே அண்ணனிடம் சொன்னதை அண்ணியிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.